வீடு உண்டு, காணி யார் பெயரில்?

இரண்டு சகோதரிகளைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். ஒருவர் மலையில் இருக்கிறார், மற்றவர் வன்னியில் இருக்கிறார். இருவரும் கஷ்டப்பட்டு உழைத்தவர்கள். இருவருக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை உண்டு. ஆனால் அந்தக் கூரை தம்முடையது என்று காட்டுவதற்கு இருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை. இருவரும் கேட்டுக்கொண்டதால் அவர்களது பெயர்களையும் ஊர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

2024ஆம் ஆண்டு ஒரு பயிற்சிக்காக நான் பண்டாரவளைக்குச் செல்ல வேண்டியிருந்தது. கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமத்தைச் சேர்ந்த அம்மா ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, "பிள்ளை, நானும் உன்னோட வாறன். அக்காவைப் பார்த்துப் பத்து வருஷம்" என்றார். கண்டி வரை பஸ்ஸில் சென்று அங்கிருந்து புகையிரதத்தில் ஏறினோம். ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா என்று ஒவ்வொரு நிலையமாகக் கடந்து போகும்போது அவர் மடியில் ஒரு சொப்பிங் பையை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தார். உள்ளே என்ன என்று கேட்டேன். "என்ர காணி" என்று சொல்லிச் சிரித்தார்.

பையைத் திறந்து காட்டினார். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் பிரதி, மெனிக் பாமில் கொடுத்த அட்டை, கிராம அலுவலரின் கடிதங்கள், பிரதேச செயலகத்திற்கு அவர் எழுதிய மனுக்களின் பிரதிகள் என்று எல்லாம் பொலித்தீனில் சுற்றியிருந்தன. காணி அனுமதிப்பத்திரம் மட்டும் அதில் இல்லை.

சின்னப் பட்டணமும் மேலே உள்ள மலையும்

அப்புத்தளையில் இறங்கினோம். மலை உச்சியில் அமைந்த சின்னப் பட்டணம் அது. ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் நிலையம், கோயில்கள், அடகுக் கடைகள். சுற்றியுள்ள தோட்டங்களின் சம்பளப் பணம் இந்தக் கடைத்தெருவிற்குத்தான் இறங்கி வருகின்றது. கொழுந்து பறிக்கும் பெண்கள் அரிசி வாங்குவதும் இங்கேதான், தோட்டை அடகு வைப்பதும் இங்கேதான். ஆனால் இத்தகைய மலைநாட்டுப் பட்டணங்களில் தோட்டத்துப் பெண்ணொருத்தியின் பெயரில் ஒரு கடையோ ஒரு துண்டு நிலமோ இருப்பது அபூர்வம்.

ஒரு முச்சக்கர வண்டி பிடித்துத் தோட்டத்திற்குப் போனோம். அக்கா லயத்து வாசலில் காத்து நின்றார். தங்கையைக் கண்டதும் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடித்தபின் அக்கா முதலில் கேட்டது, "காணி விசயம் என்னாச்சு தங்கச்சி?" என்பதுதான். அதைக் கேட்டபோதுதான் இரண்டு பேரும் தொலைபேசியில் இத்தனை காலமாக எதைப் பேசியிருப்பார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா அது. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. பின்னால், அக்கா தமது சேமலாப நிதிப் பணத்தில் கட்டிய ஒரு குசினி. 42 வருடம் கொழுந்து பறித்தவர் அவர். ஓய்வு பெற்று ஐந்து வருடங்கள் ஆகிவிட்டன. கணவர் இறந்து பன்னிரண்டு வருடம். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். இப்போது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவர் 28 வயதான மகள் மட்டுமே.

அந்த மகள் க.பொ.த. உயர்தரம் படித்தவர். முன்பள்ளி ஆசிரியையாக வேண்டும் என்பது அவரது விருப்பம். பண்டாரவளையில் பயிற்சிக்கும் இடம் கிடைத்தது. "போகலையா?" என்று கேட்டேன்.

"நான் பேர வெட்டிக்கிட்டா வூட்டுல தோட்டத்துல வேல செய்யிற ஆள் இல்ல மிஸ். வேலக்கி ஆள் இல்லாத வூட்ட வேற ஆளுக்குக் குடுக்கணும்னு ஆபிஸ்ல சொல்லுவாங்க. அம்மா இந்த வயசுல எங்க போவாங்க?"

படித்த ஒரு பெண் காலை பிரட்டுக்குப் போய், கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறுவது சம்பளத்திற்காக மட்டும் அல்ல. தாயின் தலைக்கு மேலிருக்கும் கூரைக்கு அவர் தமது உழைப்பால் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டில் உரிமை இல்லாதபோது, அங்கே வாழும் பெண்ணுக்குத் தொழிலைத் தெரிவு செய்யும் உரிமையும் இல்லாமற் போகின்றது.

ஏன் இப்படி?

இது ஒரு தோட்டத்துத் துரையின் நல்ல குணத்தையோ கெட்ட குணத்தையோ பொறுத்த விடயமல்ல. கோப்பித் தோட்டக் காலத்தில், 1820களில் தொடங்கி, தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களுக்கு லயம் கட்டிக் கொடுக்கப்பட்டது வேலைக்காகவே, வாழ்வதற்காக அல்ல. தேயிலை வந்தபோதும் அதே முறை தொடர்ந்தது. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவருக்கு அரச காணி பெறும் தகுதி இல்லை. சுற்றியுள்ள கிராமத்தவருக்குக் குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்த பல தசாப்தங்கள், மலையக மக்களுக்கு வெறுமையாகக் கழிந்தன. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்ந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. காணி அரசினுடையது, கம்பனி குத்தகைக்காரர், லயத்தில் வாழ்பவருக்கோ எந்தப் பத்திரமும் இல்லை. பிரதேச சபை தோட்டத்திற்குள் சேவை செய்வதற்கு இருந்த சட்டத் தடைகூட 2018இல்தான் திருத்தத்தின் மூலம் நீங்கியது.

மாற்றம் வரவில்லை என்று சொல்லமுடியாது. 2015ஆம் ஆண்டளவில் தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற கொள்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. இந்திய உதவியில் 4,000 வீடுகளுக்கான திட்டம் நடைபெற்றது. 2017 மே மாதத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 7 பேர்ச் என்பது யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒரு பரப்புக்கூட இல்லை. ஆயினும் இருநூறு வருடமாக ஒரு பேர்ச்கூட இல்லாதவர்களுக்கு அது பெரிது.

இங்கேதான் பெண்கள் கவனிக்க வேண்டிய விடயம் வருகின்றது. வீட்டுத்திட்டப் பட்டியலில் அக்காவின் குடும்பமும் இருக்கின்றது. யாருடைய பெயரைக் கொடுப்பது என்று கேட்கப்பட்டிருக்கிறது. "மகன் பேரக் குடுங்க, ஆம்பள புள்ள இருக்கயில பொம்பள பேரு எதுக்குன்னு லயத்துல எல்லாரும் சொல்றாங்க. நானும் சரின்னு இருக்கேன்" என்றார் அக்கா.

42 வருடம் உழைத்தவரின் பெயரும் அதில் இல்லை, இன்று பெயர் பதிந்து வீட்டைக் காப்பாற்றும் மகளின் பெயரும் இல்லை. தங்கை இதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். "அக்கா, நான் செய்த பிழையை நீயும் செய்யாதே" என்றார்.

தங்கையின் காணி

1977 ஆகஸ்ட் கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களில் இவர்களது பெற்றோரின் குடும்பமும் ஒன்று. திருமணமாகியிருந்த அக்கா மலையிலேயே தங்கிவிட்டார். எட்டு வயதுத் தங்கை பெற்றோருடன் போனார். 1983இன் பின்னரும் இப்படிப் பலர் வந்தார்கள். இன்று கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் உள்ள பல குடியேற்றக் கிராமங்கள் இவர்கள் காடு வெட்டி உருவாக்கியவை.

தகப்பன் வெட்டிய காட்டில் அரை ஏக்கர் மேட்டுக்காணி இவர்களுக்குக் கிடைத்தது. மகளுக்குக் கலியாணம் ஆனபின் காணிக் கச்சேரி வைத்தார்கள். அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் என்று கேட்டபோது, தகப்பனார், "மருமகன் ஆம்பிளை, அவற்ற பேரில எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டார். மகள் பக்கத்தில் நின்றார், ஒன்றும் பேசவில்லை. "அப்ப அது எனக்குப் பெரிய விசயமாத் தெரியேல்லை பிள்ளை. அவர் வேற நான் வேறயோ எண்டுதான் நினைச்சன்."

2009ஆம் ஆண்டு மே மாதம் கணவர் காணாமற் போனார். இடம்பெயர்ந்து ஓடிய வழியில் அனுமதிப்பத்திரமும் போயிற்று. மெனிக் பாமில் இருந்து 2010இல் இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்தபோது, கணவரின் தம்பி காணியின் ஒரு பக்கத்தில் வேலி போட்டிருந்தார். "இது அண்ணன்ர காணி" என்றார். தகப்பன் காடு வெட்டியதும், மகள் கிணறு இறைத்துத் தென்னை வளர்த்ததும் கடதாசியில் இருக்கவில்லை. கடதாசியில் இருந்தது கணவரின் பெயர் மட்டுமே.

அலுவலகத்திற்குப் போனபோது கணவரின் மரணச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார்கள். இதை வாசிக்கும் எத்தனையோ சகோதரிகளுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. "காணிக்காக நான் அவரைச் சாகக் குடுக்கிறதோ?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். ஆறு வருடங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

2016இல் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற் போனவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவர் காணாமற் போயிருக்கிறார் என்று மட்டும் கூறும் சான்றிதழ் ஒன்றைப் பெறும் வழி வந்தது. அதைக் கொண்டு குடும்பத்தவர் காணாமற் போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும், உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். தங்கை அதற்கு விண்ணப்பித்துப் பெற்றார். பின்னர் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் பழைய பதிவேட்டைத் தேடச் செய்தார். கணவருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்ட பதிவு அங்கே இருந்தது. அவரும் பிள்ளைகளும் காணியில் குடியிருப்பது இப்போது கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. கணவரின் தம்பி வேலியைப் பின்னுக்கு எடுத்துவிட்டார்.

ஆனாலும் பிரச்சினை முழுமையாகத் தீரவில்லை. பத்திரம் இன்னும் கணவரின் பெயரிலேயே இருக்கின்றது. அதனால்தான் எங்கு போனாலும் அந்தப் பை அவர் கூடவே போகின்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

வன்னியில் நம்மில் பலர் வாழ்வது அரச காணியில். இது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றது. முதலில் அனுமதிப்பத்திரம், நிபந்தனைகளை நிறைவேற்றியபின் அளிப்புப் பத்திரம். சுவர்ணபூமி, ஜயபூமி என்று சொல்லப்படுவன அளிப்புகளே. பத்திரம் பெற்றவர் தமக்குப் பின் யாருக்கு என்று ஒரு பின்னுரித்தாளரை நியமிக்கலாம். அவர் மகளாகவும் இருக்கலாம். நியமிக்காமல் இறந்தால், வாழ்க்கைத் துணைக்கு அந்தக் காணியில் வாழ்ந்து அனுபவிக்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்கடுத்த வரிசையில் மகன்மாருக்குப் பிறகே மகள்மார் என்று சட்டம் நீண்டகாலம் சொல்லிவந்தது. இந்த ஆண் முன்னுரிமை 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. "பெண்பிள்ளைக்கு அரச காணி வராது" என்று இன்றும் யாராவது சொன்னால், அது பழைய கதை என்று சொல்லுங்கள்.

தனியார் உறுதிக் காணி வேறு. மலையகம் உட்பட, பொதுச் சட்டம் செல்லும் இடங்களில் மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவரது ஆதனத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைகளில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. வடக்கில் தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு வேறு விதிகள் உண்டு. சீதனமாக வந்த சொந்தக் காணியைக்கூட விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் காணாமற் போயிருந்தால் அல்லது கைவிட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கோரலாம்.

"குடும்பத் தலைவர்" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். படிவங்களில் அந்த இடத்தைக் கண்டதும் நமது கை தானாகக் கணவரின் பெயரை அல்லது மகனின் பெயரை எழுதுகின்றது. 2004 சுனாமிக்குப் பின் கிழக்கில், தாய்வழியாகப் பெண்களுக்கு வீடு வந்த ஊர்களில்கூடப் புதிய வீடுகள் பல ஆண்களின் பெயரில் எழுதப்பட்டன. காணி ஆணின் பெயரில்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. வழக்கம்தான் அப்படிக் கூறுகின்றது. அந்த வழக்கத்தை நாமும் சேர்ந்தே காப்பாற்றி வருகிறோம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, உங்களது வீடும் காணியும் எந்த வகை, யாருடைய பெயரில் என்று அறிந்துகொள்ளுங்கள். கணவரிடமோ சகோதரரிடமோ கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். பத்திரத்தை ஒரு முறையாவது கையில் எடுத்து வாசியுங்கள், அல்லது பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் உரிமையும் தொலைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் பதிவு இருக்கக்கூடும். எழுத்தில் விண்ணப்பியுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள். உறுதிக் காணியாயின் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்.

மூன்றாவது, வெறும் கடிதத்தில் எழுதி வாங்கிய காணி உங்களுடையதாகாது. காணி உறுதி நொத்தாரிஸ் முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அனுமதிப்பத்திரக் காணியை விற்கவே முடியாது. வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்கவேண்டாம். கேட்பவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி.

நான்காவது, காசு கொடுத்து உறுதிக் காணி வாங்கும்போது கணவன், மனைவி இருவரின் பெயரிலும் எழுதலாம். நொத்தாரிஸிடம் நீங்களாகவே கேளுங்கள்.

ஐந்தாவது, கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தாமல் விவாகத்தைப் பதிவு செய்யுங்கள். பதியாத திருமணம் செல்லாது என்பதில்லை. ஆனால் கணவர் இல்லாதபோது நீங்கள்தான் மனைவி என்று வழக்காடி நிரூபிக்க வேண்டிவரும். அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒரேமாதிரி உள்ளதா என்பதையும் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருப்பதே பின்னர் பெரிய அலைச்சலாகிவிடும்.

ஆறாவது, இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உங்கள் உறுதிக் காணியில் வேறொருவர் பத்து வருடம் இருந்துவிட்டார் என்பதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். யுத்தத்தால் தமது காணிக்குப் போகமுடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் அவர்களுக்கு எதிராகச் சேர்க்கக்கூடாது என்று அது கூறியது.

ஏழாவது, தனியே அலையவேண்டாம். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை வழங்குகின்றது. மாதர் சங்கத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒருவருக்காகப் போனால் அலுவலகத்தின் பதிலும் வேறுவிதமாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

மீண்டும் அந்த லயத்திற்கு

அன்றிரவு சகோதரிகள் இருவரும் தூங்கவேயில்லை. "மகனுக்குக் கோவம் வந்துரும் தங்கச்சி. தாய் நம்மள நம்பலன்னு நெனப்பான்" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பயம் நியாயமானது. மகன் கெட்டவர் அல்லர். மாதாமாதம் பணம் அனுப்புகிறார். ஆனால் நாளை அவருக்கும் ஒரு குடும்பம் வரும், கடன் வரும், நோய் வரும். என் கணவரும் நல்ல மனிதர்தானே என்று தங்கை கேட்டார். "நல்லவராய் இருக்கிறது வேற அக்கா, உன்ர பேர் இருக்கிறது வேற. உனக்குப் பிறகு பிள்ளையள் ரெண்டு பேருக்கும் குடு. இருக்கும்வரை உன்ர பேரில இருக்கட்டும்."

மகள் இருட்டில் படுத்தபடி, "சின்னம்மா சொல்றது சரிதாம்மா" என்றார்.

மறுநாள் காலை அக்கா மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். நாங்கள் வெளியே நின்றோம். மகன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒங்க பேருலயே குடுங்கம்மா, இத்தன வருசம் அங்க இருந்தது நீங்கதான" என்று சொன்னாராம். நாற்பது வருடங்களாகக் கேட்கப் பயந்த ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. எல்லா வீட்டிலும் அப்படி வராது என்பதை நான் அறிவேன். ஆனால் கேட்காமலே இல்லை என்று முடிவு செய்த வீடுகளும் எத்தனையோ இருக்கின்றன.

அக்கா தமது பெயரைக் கொடுத்து விண்ணப்பித்தார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தபோது அவருக்குப் புதிய வீடு கிடைத்திருக்கவில்லை. லயத்து மக்கள் இரவோடிரவாகப் பாடசாலைக்கு இறங்கினார்கள். மூன்று நாட்களுக்குப் பிறகு தொலைபேசி கிடைத்தபோது தங்கை அழுதபடி விசாரித்தார். அக்கா சொன்னது இதுதான்: "நாங்க நல்லாருக்கோம். சட்டி பானை எதையும் எடுக்கல. நீ குடுத்த பைய மட்டும் எடுத்துக்கிட்டு எறங்கிட்டேன்."

அந்தப் பையில் இப்போது அவரது பெயர் எழுதிய விண்ணப்பத்தின் பிரதி, முத்திரையோடு இருக்கின்றது. அது வீடு அல்ல, உறுதியும் அல்ல. ஆனால் நாளை ஓர் அதிகாரி "யாருடைய பெயரில்?" என்று கேட்கும்போது அவர் தமது பெயரைச் சொல்லலாம்.

சகோதரிகளே, இந்த இதழை மூடி வைத்தபின் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே உள்ள கடதாசிகளில் உங்கள் பெயர் எங்காவது இருக்கிறதா?